வேதியியல் கணக்கு: குடுவைக்குள் எத்தனை மில்லிமோல்?

கேள்வி இதுதான்: "பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கணக்கைக் கொடுத்தால் எந்தச் சூத்திரத்தைப் போடுவதென்று தெரியவில்லை. மோலாரிட்டி, நார்மாலிட்டி இரண்டும் குழப்புகின்றன. ஆய்வகத்தில் டைட்டர் (பியூரெட்டில் இறங்கிய அளவு) சரியாக வந்தும் கடைசி விடை தப்பாகிறது. எப்படிச் சரிசெய்வது?"

பல ஆண்டுகளாக முதலாமாண்டு மாணவர்களுக்குப் பாடமும் செய்முறையும் எடுத்து வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து சொல்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களுக்குச் சூத்திரம் போதாமல் இல்லை. நிறையத் தெரிந்திருப்பதுதான் இடைஞ்சல். கணக்கைப் படித்தவுடன் மனம் எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று தேடக் கிளம்பிவிடுகிறது. குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்க நேரமே கொடுப்பதில்லை. முதலாமாண்டுக் கணக்குகளில் பெரும்பாலானவற்றில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பொருள், எத்தனை மோல்? கிராம் கொடுத்திருந்தால் மோலார் நிறையால் வகுத்து மோலுக்கு ஏறுங்கள். கரைசல் என்றால் செறிவைக் கன அளவால் பெருக்கி ஏறுங்கள். ஏறியபின் சமன்செய்த சமன்பாட்டின் விகிதத்தைக் கொண்டு அடுத்த பொருளின் மோலுக்குத் தாண்டுங்கள். அங்கிருந்து கேட்ட அலகுக்கு இறங்குங்கள். ஆய்வகக் கணக்குக்கு மோலைவிட மில்லிமோல் இன்னும் வசதி. மோலாரிட்டியை (ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்பதை) மி.லி.யால் பெருக்கினால் மில்லிமோல் நேராக வந்துவிடும். ஆயிரத்தால் வகுப்பதும் இல்லை, அதில் தசமப் புள்ளி தவறுவதும் இல்லை.

உங்கள் ஆய்வகத்தில் கட்டாயம் இருக்கும் ஒரு சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஃபெரஸ் இரும்பை மதிப்பிடுவது. லிங்க் கரைசல் (இரண்டு கரைசல்களை ஒப்பிட உதவும் இடைக் கரைசல்) பொட்டாசியம் பெர்மாங்கனேட், திட்டக் கரைசல் (செறிவு தெரிந்தது) மோர் உப்பு, அதாவது ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட். மோர் உப்பின் மோலார் நிறை 392.14. அதில் 3.921 கிராம் எடைபோட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துக் கரைத்து, 100 மி.லி. ஆக்கியிருக்கிறீர்கள். 3.921 கிராம் என்பது 10.00 மில்லிமோல். அது 100 மி.லி.யில் இருப்பதால் செறிவு 0.1000 மோலார். 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்தால் கூம்புக் குடுவைக்குள் 2.000 மில்லிமோல் ஃபெரஸ் அயனி இருக்கிறது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். குடுவையில் நீங்கள் இன்னொரு 20 மி.லி. அமிலம் ஊற்றுவீர்கள். பிப்பெட் நுனியைக் கழுவக் கொஞ்சம் வாலைவடிநீரும் போகும். "சார், இப்போது கன அளவு மாறிவிட்டதே, செறிவு குறைந்துவிட்டதே, எதைப் போடுவது?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. செறிவு குறைந்தது உண்மைதான். ஆனால் 2.000 மில்லிமோல் எங்கும் போகவில்லை. பெர்மாங்கனேட்டுக்கு வேலை அந்த 2.000 மில்லிமோலோடுதான், குடுவையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதோடு இல்லை. செறிவைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இப்போது வினை. ஒரு பெர்மாங்கனேட் அயனியில் உள்ள மாங்கனீசு அமிலச் சூழலில் +7 இலிருந்து +2 ஆகிறது. 5 எலெக்ட்ரான்களை வாங்குகிறது. ஒரு ஃபெரஸ் அயனி ஃபெரிக் ஆகும்போது ஒரே ஓர் எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. ஆகவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு 5 ஃபெரஸ். பியூரெட்டில் 19.6 மி.லி. இறங்கியதும் இளஞ்சிவப்பு நிலைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2.000 மில்லிமோல் ஃபெரஸ் ÷ 5 = 0.4000 மில்லிமோல் பெர்மாங்கனேட்
0.4000 மில்லிமோல் ÷ 19.6 மி.லி. = 0.02041 மோலார்

அடுத்து உங்களுக்குக் கொடுத்த, இரும்பின் அளவு தெரியாத கரைசல். அதை 100 மி.லி. ஆக்கி, 20 மி.லி. எடுத்து, அதே பெர்மாங்கனேட்டை இறக்கித் தரம் பார்த்தால் 17.4 மி.லி. ஆகிறது.

17.4 × 0.02041 = 0.3551 மில்லிமோல் பெர்மாங்கனேட்
0.3551 × 5 = 1.776 மில்லிமோல் ஃபெரஸ், 20 மி.லி.யில்
1.776 × (100 ÷ 20) = 8.88 மில்லிமோல், முழுக் கரைசலில்
8.88 × 55.85 = 496 மில்லிகிராம் இரும்பு

விடை 0.496 கிராம். இரண்டாம் வரியிலும் மூன்றாம் வரியிலும் 5 வருகிறது. முதல் 5 வினையிலிருந்து வந்தது, இரண்டாவது 5 பிப்பெட்டிலிருந்து வந்தது. ஒன்றைப் போட்டதும் "5 போட்டாயிற்றே" என்று மற்றதை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு டைட்டர் சரியாக வந்தும் விடை தப்பாவதற்கு இது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். தப்பிய விடையைச் சரியான விடையோடு ஒப்பிட்டால் சரியாக ஐந்து மடங்கு வேறுபாடு இருக்கிறதா? இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். பெர்மாங்கனேட்டின் செறிவு நமக்குத் தேவையே இல்லை. அது அளவுகோல் மட்டும்தான். 19.6 மி.லி.க்கு 2.000 மில்லிமோல் என்றால் 17.4 மி.லி.க்கு எவ்வளவு? 2.000 × 17.4 ÷ 19.6 = 1.776. ஒரே வரியில் அதே விடை. அந்த அளவுகோலை ஏன் புதிதாகத் தரம் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. பெர்மாங்கனேட் கரைசல் வைத்திருக்க வைத்திருக்கச் சிதைந்து மாங்கனீசு டை ஆக்சைடு ஆகும். போன வாரச் செறிவை நம்ப முடியாது.

இப்போது உங்கள் மோலாரிட்டி, நார்மாலிட்டி குழப்பத்துக்கு வருகிறேன். நார்மாலிட்டி என்பது 5 என்ற விகிதத்தைப் புட்டியின் லேபிளுக்குள்ளேயே மறைத்து வைப்பது. 0.02 மோலார் பெர்மாங்கனேட், அமிலச் சூழலில் 0.1 நார்மல். அதே புட்டி, அதே கரைசல், நடுநிலைச் சூழலில் 0.06 நார்மல்தான். ஏனென்றால் அங்கே மாங்கனீசு +4 ஓடு நின்றுவிடுகிறது, வாங்குவது 3 எலெக்ட்ரான். மோலாரிட்டி கரைசலின் குணம். நார்மாலிட்டி அந்தக் கரைசல் எந்த வினையில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் நுணுக்கம் இல்லை. தரம் பார்க்கும்போது அமிலம் குறைவாக ஊற்றியவர் குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் வரும். அது மாங்கனீசு டை ஆக்சைடு. அந்தக் கலங்கலைப் பார்த்த நொடியில் உங்கள் 5 இனி 5 இல்லை. ஒரு பகுதி 3 ஆகிவிட்டது. அதற்குமேல் எந்தச் சூத்திரமும் உங்களைக் காப்பாற்றாது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வி1 என்1 = வி2 என்2 (வி கன அளவு, என் நார்மாலிட்டி) என்பதை எதிரெதிர் வினைபுரியும் இரண்டு கரைசல்களுக்குத் தாராளமாகப் போடலாம். வி1 எம்1 = வி2 எம்2 (எம் மோலாரிட்டி) வேறு. அது ஒரே கரைசலை நீர்க்கச் செய்வதற்கானது. அடர் கந்தக அமிலப் புட்டியில் 98 விழுக்காடு, அடர்த்தி 1.84 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில் 1840 × 0.98 = 1803 கிராம், 98.08 ஆல் வகுத்தால் 18.4 மோலார். அதிலிருந்து 250 மி.லி. 1 மோலார் கரைசல் வேண்டுமென்றால் 250 ÷ 18.4 = 13.6 மி.லி. (அமிலத்தைத்தான் தண்ணீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.) இங்கே அது சரியான சூத்திரம். அதையே மோர் உப்பு, பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் போட்டால் விடை ஐந்து மடங்கு விலகும். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருப்பதால் மாட்டிக்கொள்கிறீர்கள்.

நார்மாலிட்டிக்கு அடிப்படையான சமான எடை என்ற கருத்து ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று யோசித்திருக்கிறீர்களா? 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அணு எடைகளில் ஒருமித்த கருத்து இல்லை. நீரின் வாய்பாட்டைக்கூட ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஜெர்மன் வேதியியலாளர் கெகுலே 1861-இல் அசெட்டிக் அமிலத்துக்குப் புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளைப் பட்டியல் போட்டார். அணுவை நம்பாதவர்களும் "இதில் இத்தனை கிராம், அதில் இத்தனை கிராமோடு வினைபுரிகிறது" என்பதை நம்பலாம் அல்லவா? அதுதான் சமான எடை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோவின் சிறு வெளியீடு பங்கேற்றவர்களின் கைக்குக் கிடைத்தது. அவகாட்ரோவின் கருத்தை வைத்து அணு எடைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அதில் தெளிவாகக் காட்டியிருந்தார். அதன்பிறகு மோல் கணக்குக்குப் பாதை திறந்தது. ஆய்வகப் பழக்கம் மட்டும் அத்தனை சீக்கிரம் மாறவில்லை. என் கருத்தைக் கேட்டால், மோலாரிட்டியில் கணக்குப் போட்டுப் பழகுங்கள், தேர்வில் நார்மாலிட்டி கேட்டால் கடைசியில் எலெக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கிக் கொடுங்கள்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்) கணக்குகளும் இதே எண்ணிக்கைதான். இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்று ஊறப்போடும் வீட்டில், பத்து ஆழாக்கு அரிசியும் இரண்டு ஆழாக்கு உளுந்தும் இருந்தால் எட்டு ஆழாக்கு அரிசியோடு நிற்க வேண்டும் என்பதை யாரும் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிப்பதில்லை. 10.0 கிராம் நைட்ரஜனும் 3.00 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா? நைட்ரஜன் 10.0 ÷ 28.01 = 0.357 மோல். ஹைட்ரஜன் 3.00 ÷ 2.016 = 1.488 மோல். ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன் என்பதால் தேவை 1.071 மோல், கையில் அதைவிட அதிகம். முதலில் தீர்வது நைட்ரஜன். எடையில் மூன்று மடங்குக்கு மேல் இருப்பதுதான் முதலில் தீர்கிறது. கிராமைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அம்மோனியா 0.714 மோல், 12.16 கிராம். மீந்த ஹைட்ரஜன் 0.417 மோல், 0.84 கிராம். இரண்டையும் கூட்டுங்கள்: 13.0. உள்ளே போனதும் 13.0. இந்தக் கூட்டலைச் செய்ய அரை நிமிடம் ஆகாது. விடை சரியா என்று பின்பக்கத்தைப் புரட்டவும் வேண்டாம்.

பி.எச். கணக்குகளில் மாணவர்கள் தவறுவதற்கு வேறு காரணம். இரண்டு கட்டமாக நடப்பதை ஒரே கட்டமாகப் போடப் பார்க்கிறார்கள். 25.0 மி.லி. 0.100 மோலார் அசெட்டிக் அமிலத்தில் 10.0 மி.லி. 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் பி.எச். என்ன? முதலில் வினை முழுமையாக முடியட்டும். அமிலம் 2.50 மில்லிமோல், காரம் 1.00 மில்லிமோல். காரம் முழுதும் தீர்ந்து, அமிலம் 1.50 மீந்து, அசெட்டேட் 1.00 உருவாகியிருக்கும். அதன்பிறகே சமநிலையைப் பற்றி நினையுங்கள். அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருப்பதால் இது தாங்கல் கரைசல். அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵, அதன் எதிர்க்குறி லாக் 4.745. உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் லாக், அதாவது லாக்(1.00 ÷ 1.50) என்பது −0.176. இரண்டையும் கூட்டினால் பி.எச். 4.57. கன அளவு 35 மி.லி. ஆனது மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது, அதனால் மில்லிமோலையே நேராகப் போடலாம்.

25.0 மி.லி. காரம் ஊற்றியபின் அமிலமே இல்லை. 2.50 மில்லிமோல் அசெட்டேட் 50 மி.லி.யில், அதாவது 0.0500 மோலார். இப்போது அசெட்டேட் நீரோடு வினைபுரிந்து கொஞ்சம் ஹைட்ராக்சைடைத் தருகிறது. போட்டுப் பார்த்தால் பி.எச். 8.72 வரும். பினாப்தலீன் என்ற நிறங்காட்டி ஏறக்குறைய 8.2-இல் நிறம் மாறத் தொடங்குவதால் அது இந்தத் தரம் பார்த்தலுக்குப் பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் மாறுவது. மேலே 10 மி.லி.யிலேயே பி.எச். 4.57 ஆகிவிட்டதைப் பார்த்தோம். பாதிக் காரம்கூட இறங்கும் முன் அது மஞ்சளாகி முடிந்திருக்கும். நிறங்காட்டி எது என்று செய்முறை வாய்மொழித் தேர்வில் கேட்டால் மனப்பாடம் ஒப்பிக்காமல் இந்தக் கணக்கையே காரணமாகச் சொல்லலாம்.

வாயுக் கணக்கில் சொல்ல அதிகம் இல்லை. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றுங்கள். அழுத்தம் எந்த அலகில் இருக்கிறதோ அதற்கேற்ற வாயு மாறிலியை எடுங்கள்: வளிமண்டலமும் லிட்டரும் என்றால் 0.08206, பாஸ்கலும் கன மீட்டரும் என்றால் 8.314. ஒரு புத்தகத்தில் மோலார் கன அளவு 22.4 என்றும் இன்னொன்றில் 22.7 என்றும் இருந்தால் இரண்டுமே அச்சுப்பிழை அல்ல. திட்ட அழுத்தத்தை 1982-இல் ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பாருக்கு மாற்றினார்கள், அதனால் வந்த வேறுபாடு. ஆனால் இரண்டுமே 0 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. நம் ஊர் ஆய்வகத்தில் 30 டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு 24.9 லிட்டர் பிடிக்கும். யோசிக்காமல் 22.4 போட்டால் பத்து விழுக்காடு தப்பு.

இலக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 50 மி.லி. பியூரெட்டில் 0.1 மி.லி.க்குக் கோடு இருக்கிறது. அதை வைத்து 0.4958112 கிராம் என்று எழுதுவதில் பொருளில்லை. மூன்று முக்கிய எண்ணுருக்கள் போதும். ஆனால் அந்தச் சுருக்கலைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள். மேலே போட்ட கணக்கில் 0.02041-ஐ 0.02 என்று இடையில் சுருக்கியவருக்கு 496-க்குப் பதில் 486 மில்லிகிராம் வரும். இரண்டு விழுக்காடு போச்சு. செய்முறைத் தேர்வில் பிழை விழுக்காட்டைப் பார்த்துத்தான் மதிப்பெண். இரண்டு மணி நேரம் நின்று, சொட்டுச் சொட்டாக இறக்கி, சரியாக முடிவுநிலையைப் பிடித்த ஒருவர் கால்குலேட்டரில் அதை இழப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்து வந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்களுக்கு வேதியியல் வரவில்லை என்று நீங்கள் நினைக்கும் பல இடங்களில் வினாத்தாளின் ஆங்கிலம்தான் தடுக்கிறது. "மேட் அப் டு 100 மி.லி." என்றால் மொத்தம் 100 மி.லி. ஆகும்வரை நீர் ஊற்றுவது. "ஆடட் 100 மி.லி." என்றால் ஏற்கெனவே உள்ளதோடு 100 மி.லி. சேர்ப்பது. 20 மி.லி.யில் தொடங்கினால் முதலாவது 100, இரண்டாவது ஏறக்குறைய 120. "எக்ஸஸ்" என்று ஒரு வினைப்பொருளைச் சொன்னால் அது தாராளமாக இருக்கிறது, தீரப்போவது மற்றது என்று கேள்வியே சொல்லிவிட்டது. "ஹோல் ஆஃப் த கிவன் சொல்யூஷன்" என்றால் பிப்பெட்டில் எடுத்த பங்குக்கு அல்ல, முழுக் கரைசலுக்கும் விடை வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து தொடர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றைத் தமிழ்ப் பொருளோடு எழுதி வையுங்கள். கணக்கைப் படித்ததும் குடுவையைப் படமாக வரைந்து, உள்ளே என்ன பொருள், எத்தனை மில்லிமோல் என்று தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளின் ஓரத்தில் எழுதினாலும் யாரும் குறைசொல்லப் போவதில்லை.

விடை வந்தபின் அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 8 என்று எழுதுபவர், அமிலம் ஊற்றித் தண்ணீர் காரமாகிவிட்டது என்று எழுதுகிறார். நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 6.98 வரும்.

இதுவரை சொன்னதை நீங்களே ஒரு கணக்கில் போட்டுப் பாருங்கள். முட்டை ஓட்டைப் பொடித்து 0.500 கிராம் எடுக்கிறோம். அதில் 25.0 மி.லி. 0.500 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுகிறோம். நுரைத்து அடங்கியபின் மீந்திருக்கும் அமிலத்தை 0.100 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் 30.0 மி.லி. ஆகிறது. ஓட்டில் கால்சியம் கார்பனேட் எத்தனை விழுக்காடு? கால்சியம் கார்பனேட்டின் மோலார் நிறை 100.09. ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. 95.1 வந்தால் சரி. 190 வந்தால் அந்த இரண்டை விட்டுவிட்டீர்கள், நூறைத் தாண்டியபோதே பேனா நின்றிருக்க வேண்டும். 30.0 வந்தால், மீந்த அமிலத்தையே ஓட்டோடு வினைபுரிந்த அமிலமாக எடுத்துவிட்டீர்கள். குடுவைப் படத்தை மறுபடி வரையுங்கள்.